நோகாத வீக்கம்

‘வலி ஒன்றுமில்லை, வீக்கம் மட்டுந்தான்’ என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வது நம் ஜனங்களிடையே வழக்கமாய் விட்டது. மற்றைய வியாதிகளில் இந்தச் சொல் ஓரளவுக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால், பல வருஷங்களாக நீரிழிவு உள்ள ஒருவர், ஒரு பாதம் மாத்திரம் சிவந்து, சூடேறி, வீங்கி நிற்கும் சமயத்தில் இப்படிச் சொல்வாராயின், அதனை அபாய அறிவிப்பென்றே கொள்ள வேண்டும். அந்தப் பாதத்தினுள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். மூட்டுகள் நிலை பெயர்ந்துகொண்டிருக்கலாம். அதன்மேல் அவர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அந்த அழிவைத் துரிதப்படுத்துகிறது. ‘ஷார்கோ பாதம்’ என்று வைத்தியர்கள் வழங்கும் இவ்வியாதியைப்பற்றி நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் தேசத்தில் நீரிழிவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து, 2023-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியின்படி, 2021-ம் வருஷத்தில் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. வயது வந்தவர்களில் இது நூற்றுக்கு 11.4 ஆகும். இவர்களில் ஷார்கோ பாதத்துக்கு ஆளாகிறவர்கள் சிறு தொகையினரே. ஆயினும் ஆயிரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொண்டாலுங்கூட, ஒரு லட்சம் பேர் ஆகிறது. ஒரு லட்சம் குடும்பங்கள் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாயிருக்கும். ஏனெனில் இந்த வியாதி பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதை அடுத்தவர்களை, அதாவது வீட்டைத் தாங்கி நிற்பவர்களையே பற்றுகிறது.

ஷார்கோ என்பது ஒரு பிரெஞ்சு வைத்திய நிபுணரின் பெயர். பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் நரம்பு வியாதிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ழான் மார்த்தேன் ஷார்கோ, 1868-ம் வருஷத்தில், மேக நோயினால் முதுகுத் தண்டு கெட்டுப்போனவர்களின் மூட்டுகள் திடீரென்று வீங்கிச் சிதைவதை விவரித்து எழுதினார். நரம்பு கெட்ட இடத்தில் மூட்டும் கெடுகிறது என்ற தொடர்பை வைத்திய உலகம் அதன் பின்னரே தெளிவாக உணர்ந்தது. நீரிழிவுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தை 1936-ம் வருஷத்தில் ஜார்டன் என்னும் அமெரிக்க வைத்தியர் எடுத்துக்காட்டினார். இவ்வளவு காலம் கழித்து அது தென்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. 1921-ல் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, கடுமையான நீரிழிவு கண்டவர்கள் நெடுநாள் உயிர்வாழ்வது அரிது. மருந்து ஆயுளை நீட்டித்தது. நீண்ட ஆயுளில் நரம்புகள் மெல்ல மெல்லக் கெடலாயின. கெட்ட நரம்புகளைத் தொடர்ந்து பாதத்தின் மூட்டுகளும் கெடலாயின. இன்று உலகில் ஷார்கோ பாதத்துக்கு முதன்மையான காரணம் நீரிழிவே.

இது உண்டாகும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். மனிதனுடைய ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. உடம்பின் பாரத்தையெல்லாம் சுமந்து, மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அவை வளைந்து கொடுக்கின்றன. எங்கேனும் பிசகு நேர்ந்தால் உடனே வலி எழுகிறது; நாம் நொண்டுகிறோம்; அடிபட்ட இடத்துக்கு அதனால் ஓய்வு கிடைக்கிறது. நீரிழிவு பல வருஷங்கள் நீடித்துக் காலின் நரம்புகள் மரத்துப்போனவருக்கு இந்தக் காவல் இல்லை. படியில் கால் பிசகியிருக்கும், கல் இடறியிருக்கும், எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் கண்டிருக்கும். அவருக்கோ ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் நடப்பார். உடைந்த இடத்தில் உண்டாகும் அழற்சி, ஓய்வு இருந்தால் தானாக அடங்க வேண்டியது, அடங்காமல் பெருகுகிறது. ரத்த ஓட்டம் மிகுதியாகிப் பாதம் சூடேறுகிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அளவுமீறி வேலை செய்ய, எலும்பு பலமிழந்து மேலும் உடைகிறது. உடைய உடைய அழற்சி. அழற்சி மிக மிக உடைவு. இந்தச் சுழலின் நடுவே நோயாளி கடைக்குப் போய்வருகிறார், பஸ்ஸுக்கு ஓடுகிறார்.

சில வாரங்களிலோ மாதங்களிலோ பாதத்தின் நடுவளைவு தளர்ந்து கீழே இறங்கி விடுகிறது. உள்ளங்கால் குழிந்திருக்க வேண்டிய இடத்தில் படகின் அடிப்பாகம்போலப் புடைத்து நிற்கும். நடக்கும்போது அந்தப் புடைப்பின்மீதே முழுப் பாரமும் விழுவதால் தோல் தடித்து, வெடித்துப் புண்ணாகிறது. மரத்த காலில் புண்ணும் நோவதில்லை. அழுக்கும் கிருமியும் புகுந்து, சீழ் எலும்பு வரையில் இறங்கினால், காலையே எடுக்கும்படி நேரிடுகிறது. காலை இழப்பவர், ‘புண் வந்தது, அதனால் கால் போயிற்று’ என்கிறார். புண் வருவதற்குப் பல மாதங்கள் முன்னமேயே, நோகாத அந்த வீக்கத்தின் நாளிலேயே வினை தொடங்கிவிட்டது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இங்கேதான் விஷயத்தின் முக்கியமான பகுதி இருக்கிறது. இவ்வியாதி தொடக்கத்தில் வேறு பல வியாதிகளைப்போல் வேஷம் பூண்டு வருகிறது. சிவந்து வீங்கியிருப்பதைக் கண்டு, கிருமியினால் வந்த அழற்சி என்று எண்ணி வாரக்கணக்காகக் கிருமிநாசினி மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. யூரிக் அமிலம் மிகுந்த வாதரத்தம் என்று சிலர் கொள்கிறார்கள். காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்று வேறு சிலர் சந்தேகிக்கிறார்கள். வீட்டிலுள்ளவர்களோ சுளுக்கு என்று தீர்மானித்து எண்ணெய் தேய்த்து வழிக்கச் செய்கிறார்கள். வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறார்கள். உடைந்துகொண்டிருக்கும் எலும்பை அழுத்தித் தேய்ப்பது எத்தகைய கெடுதி என்று நாம் சொல்ல வேண்டுமா? மரத்துப்போன காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாமல் தோல் வெந்துபோவதும் உண்டு. இவை யாவும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகின்றவையே. ஆனால் கழிந்து போகும் ஒவ்வொரு வாரமும் பாதத்தின் கணக்கில் நஷ்டமாகவே எழுதப்படுகிறது.

சட்டத்தில் ‘அநுமானம்’ என்று ஒன்று உண்டு. சில விஷயங்களில், மாறாக ருஜுவாகும் வரையில், நியாயஸ்தலம் ஒன்றை உண்மை என்றே வைத்துக்கொண்டு மேலே செல்லும். இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுப்பவருடையது. வைத்தியத்திலும் அத்தகைய அநுமானம் ஒன்று இங்கே வேண்டியிருக்கிறது. நெடுநாள் நீரிழிவு இருந்து, கால் மரத்துப்போன ஒருவருக்கு, ஒரு பாதம் மாத்திரம் சூடாகி வீங்கினால், மாறாக ருஜுவாகும் வரையில் அது ஷார்கோ பாதம் என்றே கொள்ள வேண்டும். அந்தக் கணமே அக்கால் தரையில் ஊன்றப்படுவது நிற்க வேண்டும். இந்த அநுமானம் தவறென்று பின்னால் தெரிந்தால், நோயாளி சில நாள் ஓய்வெடுத்ததைத் தவிர அவருக்கு நஷ்டம் பெரிதாக ஒன்றுமில்லை. மாறான அநுமானம் தவறிப்போனாலோ, போவது பாதம். எந்தப் பக்கம் நிறை அதிகம் என்பதை நேயர்களே சீர்தூக்கிக் கொள்ளலாம்.

நோயை நிதானிக்கும் வகையும் அப்படியொன்றும் எட்டாத வித்தையன்று. முதலாவது, பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்தினால், நரம்பு நன்றாயிருப்பவருக்கு அது தெரியும், மரத்தவருக்குத் தெரியாது. விநாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தும் சோதிக்கலாம். இரண்டாவது, இரு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். தோலைத் தொடாமலே சூட்டை அளக்கும் கருவி இப்போது எங்கும் கிடைக்கிறது. வீங்கிய பாதம் மற்றொன்றைவிட 2 டிகிரி செல்ஸியஸுக்குமேல் சூடாயிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மூன்றாவது, பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது நன்றாகவே துடிக்கும். ரத்த ஓட்டக் குறைவினால் வந்த கேடு அன்று இது என்பதற்கு அது ஓர் அறிகுறி. நோயாளியைப் படுக்க வைத்துக் காலைச் சிறிது நேரம் உயர்த்திப் பிடித்தால், ஷார்கோ பாதத்தின் சிவப்பு பெரும்பாலும் மங்கும். கிருமி அழற்சியின் சிவப்பு அவ்வளவாக மங்குவதில்லை. தோலில் புண் இல்லாதிருப்பதும், காய்ச்சல் இல்லாதிருப்பதும், ரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகாதிருப்பதும் ஷார்கோவின் பக்கமே சாட்சி சொல்கின்றன. புண் இருந்துவிட்டால் மாத்திரம் எலும்பில் கிருமி புகுந்திருக்கிறதா என்பதையும் தீர ஆராய வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

எக்ஸ்ரேயைப்பற்றி ஒரு வார்த்தை. ‘படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை’ என்ற முடிவோடு திரும்பி வந்து, பின்னர் வருந்தியவர்கள் பலர். வியாதியின் முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலிருப்பது சகஜம். 1966-ம் வருஷத்தில் ஐக்கன்ஹோல்ட்ஸ் என்பவர் எக்ஸ்ரேயைக் கொண்டு இந்நோயை மூன்று படிகளாகப் பிரித்தார்: எலும்பு சிதையும் படி, சிதைந்தவை ஒட்டும் படி, இறுகி நிலைபெறும் படி. பிற்காலத்து வைத்தியர்கள் இவற்றுக்கு முன்னால் ‘பூஜ்யம்’ என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். வீக்கமும் சூடும் இருக்கும், எக்ஸ்ரேயோ சுத்தமாயிருக்கும். காப்பாற்றுவதற்கு மிகவும் உகந்த காலம் இந்தப் பூஜ்யப் படிதான். எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பின் உட்கேடு இப்போதே தெரிந்துவிடும். அந்த வசதி அருகில் இல்லையானால், எக்ஸ்ரே சுத்தமாயிருப்பதைக் கொண்டு நோயாளியை நடக்க விடலாகாது. சந்தேகம் தீரும் வரையில் வியாதி இருப்பதாகவே வைத்து நடத்த வேண்டும். நீரிழிவுப் பாதத்தைப்பற்றிய சர்வதேச வைத்தியக் குழுவினர் 2023-ம் வருஷத்தில் வெளியிட்ட விதிமுறைகளும் இந்த நெறியையே வற்புறுத்துகின்றன.

சிகிச்சை என்ன? மருந்து என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். எலும்பை உறுதிப்படுத்துவதாகக் கொடுக்கப்பட்டு வந்த பல மருந்துகளை அந்த 2023-ம் வருஷத்து விதிமுறைகள் ஏற்கவில்லை. பயன் ருஜுவாகவில்லை என்பதே காரணம். தலைசிறந்த சிகிச்சை மாவுக்கட்டு. காலின் ஒவ்வொரு வளைவையும் தழுவினாற்போல, பாதம் முதல் முழங்காலுக்குக் கீழ் வரையில், கழற்ற முடியாதபடி போடப்படும் கட்டு அது. பாரத்தைப் பாதத்தின் ஒரே இடத்தில் விழ விடாமல் கால் முழுவதும் பரப்பி விடுகிறது. வீக்கம் வற்ற வற்றக் கட்டு தளர்ந்துவிடும்; தளர்ந்த கட்டு மரத்த காலில் உராய்ந்து புண்ணாக்கிவிடும். ஆகையால் முதற்கட்டைச் சில நாட்களுக்குள்ளும், பிறகு வாரம் ஒன்று அல்லது இரண்டுக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். கட்டின்மேலும் இயன்ற வரையில் நடை குறைய வேண்டும். ஊன்றுகோலோ, சக்கர நாற்காலியோ வேண்டும். கட்டுக்குள் துர்நாற்றம் வந்தாலும், காய்ச்சல் கண்டாலும், சர்க்கரை காரணமின்றி ஏறினாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு பாதங்களின் சூடும் ஏறக்குறையச் சமமாகி, வீக்கம் வற்றி, படத்தில் எலும்புகள் ஒட்டியது தெரியும் வரையில் கட்டு இருக்க வேண்டும். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்; சிலருக்கு ஒரு வருஷமும் ஆகும்.

கட்டு நீங்கிய பின்னும் காவல் நீங்கலாகாது. பாதத்தின் வடிவுக்கேற்பத் தைத்த பாதரக்ஷை ஆயுள் முழுவதும் வேண்டும். நடையைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்கும்போது அதிகப் பாரம் சுமந்த மற்றக் காலையும் நாள்தோறும் கவனிக்க வேண்டும். வடிவு மிகவும் கெட்டுப் புண் ஆறாமல் நிற்பவர்களுக்கு, புடைத்த எலும்பைச் செதுக்குவதும், குதிகால் தசைநாணை நீட்டிவிடுவதும், மூட்டுகளை இணைத்து நிறுத்துவதும் ஆகிய ரணசிகிச்சைகள் உண்டு. அவை பின்னால் வருபவை. முன்னால் வருவது ஓய்வு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது மிகமிக அவசியந்தான். ஆயினும், ‘என் சர்க்கரை இப்போது சரியாயிருக்கிறது, எனக்கு இது வராது’ என்று எண்ணுவது தவறு. சென்ற பத்து, பதினைந்து வருஷங்களில் கெட்ட நரம்பு, சென்ற மாதத்துச் சோதனைச் சீட்டைப் பார்த்துத் திரும்பி வருவதில்லை.

நிற்க. உணர்வற்ற பாதத்தைக் காப்பாற்றும் இந்த வித்தையில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1914-ம் வருஷத்தில் கொல்லிமலையில் பாதிரிமார் குடும்பமொன்றில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ம் வருஷத்தில் வேலூர்க் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து குஷ்டரோகிகளுக்கு ரணசிகிச்சை செய்யலானார். குஷ்டத்தினால் கை கால்களின் சதை தானே அழுகி விழுகிறது என்று உலகம் அந்நாளில் நம்பியிருந்தது. அப்படியன்று, வலி தெரியாததனால் நோயாளி தம்மையறியாமலே தம் அவயவங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார், ஓய்வு கொடுத்தால் அந்தப் புண்களும் ஆறும் என்பதை அவரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். 1966-ம் வருஷத்தில் அவர் அமெரிக்காவில் லூயிஸியானா மாகாணத்துக் கார்வில் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். குஷ்டரோகிகளின் பாதத்துக்கு அனுசரித்த முறைகள் நீரிழிவுக்காரரின் பாதத்துக்கும் பொருந்தும் என்ற அறிவு அங்கிருந்து பரவிற்று. வலி ஒரு வரம் என்று அவர் 2003-ல் காலமாகும் வரையில் ஓயாது எடுத்துரைத்து வந்தார். ஏழைக் குஷ்டரோகிகளின் பாதங்களில் கற்ற பாடம் உலகத்துச் செல்வர்களின் பாதங்களையும் காத்து நிற்கிறது. அந்தப் பாடம் கற்கப்பட்ட நாட்டில், நீரிழிவுக்காரர்கள் அதனை அறியாமல் கால் இழப்பது தகுமா?

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒரு சங்கடம் இருக்கிறது. ‘ஆறு மாதம் காலை ஊன்றாதே’ என்று சொல்வது எளிது. சித்தாள் வேலை செய்யும் பெண்ணும், மூட்டை தூக்கும் தொழிலாளியும், தள்ளுவண்டியில் காய்கறி விற்பவரும் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் அடுப்பு எரிவதெப்படி? 1948-ம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, நோய்க்காலப் படியாக வருஷத்தில் 91 நாள் வரையில் கூலியில் நூற்றுக்கு 70 கிடைக்கிறது. மாவுக்கட்டின் காலமோ பலருக்கு அதைவிட நீண்டது. அந்தத் திட்டத்துக்குள் வராத கோடிக்கணக்கானவர்களுக்கு இந்த 91 நாளும் இல்லை. கட்டை வெட்டியெறிந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் ஏழையை அறிவீனன் என்று ஏசுவது நியாயமாகாது. காலுக்கும் கஞ்சிக்கும் நடுவே அவன் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. காலை எடுத்த பிறகு ஊனமுற்றவருக்கு உதவித் தொகை கொடுப்பதைக் காட்டிலும், கால் இருக்கும்போதே சில மாதங்களுக்கு உணவுக்கு வழி செய்வது தருமமும் ஆகும், சிக்கனமும் ஆகும். ஸர்க்கார் இதனை ஆலோசிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

வேறு சில காரியங்களுக்குப் பெரும் செலவும் வேண்டியதில்லை. நைலான் இழையும், இசைக்கவையும், சூடு அளக்கும் கருவியும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எட்டாத பொருள்கள் அல்ல. நீரிழிவுக்கு மருந்து வாங்க வருகிறவர்களின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு வைத்திய சாலையிலும் வர வேண்டும். 2021-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி வீடு தேடி வரும் ஊழியர்கள், மாத்திரைகளை எண்ணிக் கொடுக்கும்போது, ‘கால் வீங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் சூடாயிருக்கிறதா’ என்று ஒரு வார்த்தை கேட்டாலே எத்தனையோ பாதங்கள் பிழைக்கும். மாவுக்கட்டு முறையாகப் போடத் தெரிந்தவர்கள் மாவட்டந்தோறும் இருக்கும்படி பயிற்சி அளிக்க வேண்டும். தழுவும் கட்டைத் தவறாகப் போட்டால் அதுவே புண்ணாகிவிடும்.

நோயாளிகள் செய்துகொள்ள வேண்டியதும் உண்டு. காலையில் எழுந்ததும் இரு பாதங்களையும் கையால் தொட்டு ஒப்பிடுங்கள். உள்ளங்கால் கண்ணுக்கு எட்டாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பார்வை குறைந்தவராயின் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலுடன் நடப்பதை விடுங்கள். கோயில் பிரகாரத்தின் வெயிற் கல்லும், திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும், பழனிப் பாதயாத்திரையும் பக்தியை வளர்ப்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மரத்த காலுடையவர் அவற்றை மேற்கொள்ளுமுன் வைத்தியரைக் கலந்துகொள்வது பக்திக்கு விரோதமாகாது. வீங்கிய, சூடான பாதத்தோடு வைத்தியரிடம் போனால், உங்களுக்கு எத்தனை வருஷமாக நீரிழிவு என்பதை முதலில் சொல்லுங்கள். கால் மரத்திருப்பதைச் சொல்லுங்கள். ‘இது ஷார்கோ பாதமாக இருக்குமோ’ என்று தயங்காமல் கேளுங்கள். நம் பக்கத்து வைத்தியர்கள் பலர் இதனைச் ‘சார்காட்’ என்று உச்சரிப்பார்கள். எப்படி உச்சரித்தாலும், அந்தக் கேள்வி பாதத்தைக் காக்கும்.

வலி வந்தால் வைத்தியரிடம் ஓடுகிறோம். நீரிழிவுக்காரரின் பாதத்தைப் பொறுத்தமட்டில், வலி வரவேண்டிய இடத்தில் வராதிருந்தால் அதைவிட வேகமாகப் போக வேண்டும். நடந்து போகக்கூடாது, வண்டியில் போக வேண்டும்.